எட்டாவது ஆள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எங்கள் செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம் கிடைத்தது. பார்க்க வருகிறவர்கள் பெருகினார்கள்.
2. அதுவரை கூப்பிட்டாலும் வராதவர்கள், ஊர் சுற்றுலாத் தன்னார்வக் குழுவில் தங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு வந்தார்கள்.
3. குழுவின் பன்னிரண்டு இடங்களும் நிரம்பியிருந்தன. ஒருவர் விலகினால்தான் இன்னொருவர் வர முடியும். அதனால் உறுப்பினர்களுக்குப் பதவிக்காலம் வைப்பது என்று முடிவானது. விதிகளை எழுதும் வேலை எனக்கு வந்தது.
4. நான் எழுதியதில் ஒரு விதியைக் குழுவின் செயலாளர் அடித்தார்.
5. மாசி அமாவாசை வந்தது. ஐந்து பேருடைய காலம் முடிந்தது. முதலில் எழுந்தவர் அவர்.
6. அந்த ஐந்து இடங்களுக்கும் ஆள் எடுக்க முடியவில்லை.
7. சித்திரை வந்தது. கோட்டையின் ராஜகிரி மலை ஏறும் வழியில் வருடா வருடம் குழு போடும் தண்ணீர்ப் பந்தல் வரவில்லை.

அவர் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. டைம்கீப்பர் என்றால் தெரியும். நாங்கள் நேரில் சார் என்போம், அவர் இல்லாதபோது டைம்கீப்பர் என்போம். குழு தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் செயலாளர். வேறு யாரும் அந்த வேலையைக் கேட்கவில்லை.

கூட்டம் ஐந்து மணிக்கு என்றால் ஐந்துக்குத் தொடங்கும். ஆறு மணிக்கு என்ன பேசிக்கொண்டிருந்தாலும் முடியும். நான் சேர்ந்த புதிதில், பெண்கள் நேரத்தோடு வீட்டுக்குப் போகட்டும் என்ற அக்கறையில்தான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன்.

"உனுக்காக இல்லம்மா. ஆறுன்னு போட்டா ஆறு," என்றார்.

அவரிடம் சொல்லக் கூடாத சொல் ஒன்று உண்டு: கொஞ்ச நேரம். "கொஞ்ச நேரத்துல வந்துடறேன் சார்" என்று யாராவது போனில் சொன்னால், "கொஞ்ச நேரம்னா எவ்ளோ?" என்று கேட்பார். பத்து நிமிஷம் என்றால் சரி. ஒரு மணி நேரம் என்றாலும் சரி. எண் வேண்டும், அவ்வளவுதான். நான் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அளவு குறிக்காத கோடு ஒன்றைக் கண்டால் எனக்கும் கை நமைக்கும். அதனால் அவரோடு எனக்குச் சண்டை வரவில்லை. மற்ற எல்லோருக்கும் வந்தது.

பந்தல் கமலக்கண்ணியம்மன் கோயிலுக்குக் கீழே, படி திரும்பும் இடத்தில் இருக்கும். நான்கு மூங்கில், மேலே தென்னங்கீற்று, இரண்டு பெரிய பானை, குரங்கு திறக்க முடியாதபடி கல் வைத்த மூடி. காலையில் கேன்களைத் தோளில் தூக்கி ஏற்றுவோம். வெயில் ஏறியபின் அந்தப் பாறைப் படிகளில் செருப்போடு நின்றாலும் கால் சுடும். உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேறு இடம் இல்லை. மேலே போகும் நேரம் முடிந்ததும், யாரும் ஏறாமல் தடுப்பதும் பந்தலில் இருப்பவரின் வேலை. அதை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பழைய விசில் ஒன்று சட்டைப் பையில் இருக்கும். அதைக் கேட்டால் குரங்குகளும் இரண்டு படி இறங்கி நிற்கும்.

சென்னையிலிருந்து வந்த இரண்டு பையன்கள் ஒருமுறை நேரம் முடிந்தபின் வந்து நின்றார்கள்.

"தாத்தா, ரெண்டே நிமிஷம். ஓடிப் போய் ஓடி வந்துடுவோம்."

"ஓடிப் போவே. வரும்போது உருண்டு வருவே. கோட்ட நாளைக்கும் இங்கதான் இருக்கும். போ."

"நீங்க இன்னா கவர்மெண்டா?"

"கவர்மெண்டா இருந்தா இந்நேரம் வூட்டுக்குப் போயிருக்க மாட்டனா?"

பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்து, அவர்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடி விசில் ஊதினார்.

இந்தக் கண்டிப்பை எல்லா நேரமும் சிரித்துக்கொண்டு பார்க்க முடியாது. அவர் மனைவி எனக்குச் சொன்ன கதை ஒன்று இருக்கிறது. அவர் வேலையில் இருந்த காலம். மனைவியும் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளும் அவலூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். பேருந்தில் மகளையும் பையையும் உட்கார வைத்துவிட்டு, மனைவி பூ வாங்க இறங்கினார். பூக்காரம்மா முழம் போட்டுக்கொண்டிருக்கும்போதே விசில் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வண்டி நிலையத்தின் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"ஓடிப் போயி இவர் சட்டையப் புடிச்சிட்டேன். பொண்ணு வண்டியில இருக்குதுய்யான்னு கத்தறேன். இன்னா சொன்னாருன்னு கேளு."

"இன்னா சொன்னார்?"

"அடுத்த வண்டி இருவது நிமிஷத்துல, அதுல போன்னாரு. இவருக்குப் பொண்டாட்டியும் ஒரு பாசஞ்சர்தான், டிக்கெட் எடுக்காத பாசஞ்சர்."

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "கண்டக்டர்கிட்ட சொல்லித்தான அனுப்பினேன். எறக்கி உக்கார வெச்சிருந்தான் இல்ல?" என்றார்.

அவர் மனைவி சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த மகள் இப்போது ஓசூரில் இருக்கிறார், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மகள் ஊருக்கு வந்திருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "அந்த ஜன்னல் கம்பி இன்னும் கையில இருக்கிற மாதிரிதான் இருக்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் அப்பா எழுந்து வாசலுக்குப் போனார்.

பதவிக்கால விதிகளை நான் வேலைநேரம் போக எழுதினேன். வேறு ஊர்க் குழுக்கள் எப்படி வைத்திருக்கின்றன என்று படித்துப் பார்த்து எழுதினேன். ஒரு உறுப்பினருக்கு மூன்று வருடம். பிறகு ஒரு வருடம் வெளியே இருக்க வேண்டும். அதன்பின் மறுபடி வரலாம். கூட்டம் செல்லுபடியாக, பன்னிரண்டில் எட்டுப் பேராவது இருக்க வேண்டும். புதிய ஆளை எடுக்கவும், விதியை மாற்றவும் அதே எட்டு. முதல் சுற்றில் யார் இறங்குவது என்பதற்குக் குலுக்கல் என்று எழுதியிருந்தேன்.

"குலுக்கல் எதுக்கு? மொத ஏறினவன் மொத எறங்கணும்," என்றார் அவர்.

மூன்று வருடத்தைத் தாண்டியவர்கள் ஐந்து பேர். அவரும் அதில் ஒருவர். யாரும் எதுவும் சொல்வதற்குள் அவரே தன் பெயரை முதலில் எழுதினார்.

பதவிக்காலம் எந்த நாளில் முடிவது என்ற பேச்சு வந்தது. மார்ச் முப்பத்தொன்று என்றேன். ஆட்டோ ஸ்டாண்டு சார்பாகக் குழுவில் இருந்த அண்ணன் எழுந்தார். அவரும் அந்த ஐந்தில் ஒருவர்.

"தேதியெல்லாம் எவனுக்கும்மா ஞாபகம் இருக்கும்? மாசி அமாவாசைன்னு போடு. பொண்டாட்டி பேர மறந்தாலும் மேல்மலையனூர் திருவிழாவ மறப்பமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல யோசனை என்றார்கள். அன்றே கூட்டம் போட்டு, அன்றே புதியவர்களை எடுப்பது என்று தீர்மானம் ஆனது. பன்னிரண்டு பேரும் இந்த ஊர்க்காரர்கள். மாசி அமாவாசை அன்று செஞ்சியில் ஆட்டோ கிடைக்காது, பேருந்தில் கால் வைக்க முடியாது, கடைக்காரர்கள் பாதிப் பேர் மேல்மலையனூரில் கடை போட்டிருப்பார்கள், மீதிப் பேர் குடும்பத்தோடு அம்மன் சன்னிதியில் நிற்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டார் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், இருந்தாலும் எனக்கும் தெரியும். மறக்க முடியாத நாள் என்பதை மட்டும் நினைத்தோம். அது ஏன் மறக்க முடியாத நாள் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை.

அவர் அடித்த விதி கடைசியில் இருந்தது. காலம் முடிந்த உறுப்பினர், அவர் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கும்வரை தொடர்வார். எல்லா ஊர் விதிகளிலும் இந்த வரி இருந்ததால் நானும் சேர்த்திருந்தேன். பேனாவை வாங்கிக் குறுக்கே கோடு போட்டார்.

"அடுத்த ஆள் வர்ற வரைக்கும்னு எழுதினீன்னா எவனும் எறங்க மாட்டான். அடுத்த ஆளையும் வர வுட மாட்டான்."

"நீங்க டூட்டியில இருந்தப்ப, மாத்து ஆள் வராம எழுந்து போயிருக்கீங்களா சார்?"

அந்தக் கேள்வியில் அவர் மாட்டிக்கொள்வார் என்று நினைத்தேன்.

"இல்ல. வெடிய வெடிய இருந்திருக்கேன். அது சம்பளம்மா. எப்படா மாத்து ஆள் வருவான்னு இருக்கும். சம்பளம் இல்லாத வேலையிலதான் ஆளு ஒட்டிக்குவான்."

அதன் அர்த்தம் எனக்குத் தெரியும், முந்தின கோடையில் பந்தலில் ஒருநாள் சொல்லியிருந்தார். ஏறுகிறவர்கள் குறைந்த மதியம். மூடிமேல் இருந்த கல்லை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே பேசினார். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் பேருந்து நிலையத்துக்குப் போயிருக்கிறார். நேர அலுவலகத்தில் போய் உட்கார்வார். புதிதாக வந்த நேரக்காப்பாளர் வணக்கம் சொல்லுவார், டீ வாங்கித் தருவார்.

"ஒரு வாரம் கழிச்சுத்தான்மா பாக்கறேன். அந்த ரூம்ல நாற்காலி ஒண்ணுதான். எனுக்குக் குடுத்துட்டு அவரு நின்னுக்கிட்டே எழுதறாரு. ஒரு வாரமா நின்னிருக்காரு. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருந்தா எனுக்கு இவ்ளோ அசிங்கமா இருந்திருக்காது."

அன்று எழுந்து வந்தவர், பயணம் போகும்போது தவிர அந்த நிலையத்துக்குள் போகவில்லை. அதற்குப் பிறகுதான் குழுவுக்கு வந்திருக்கிறார். ஓய்வு பெற்றவருக்கு அந்தக் குழுதான் காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொள்ள ஒரு காரணம் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். "அதையும் நீயே எழுதி முடிச்சு வுட்டியாமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

மாசி அமாவாசை அன்று கூட்டம் பத்து மணிக்கு. அவர் ஒன்பதே முக்காலுக்கு அறையைத் திறந்து நாற்காலிகளைப் போட்டிருந்தார். பத்துக்கு நான் இருந்தேன். வெளியே படிக்கட்டில், புதிய உறுப்பினராகக் காத்திருந்த லாட்ஜ்காரர் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை. கீழே சாலையில் மேல்மலையனூர் சிறப்புப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின, படியிலும் ஆட்கள் தொங்கினார்கள். நான் ஒவ்வொருவராகப் போன் செய்தேன். ஆட்டோ அண்ணன் எடுத்தார். பின்னால் பம்பைச் சத்தம்.

"இன்னாம்மா, இன்னிக்கா? ஐயோ! நான் கோயிலாண்ட இருக்கேன்மா! நீங்களே ஆள எடுத்துக்கோங்க, எனக்கு ஓகே!"

"எட்டுப் பேர் வேணும்ணா."

"எட்டுப் பேரும் இங்கதான்மா இருக்கானுங்க! நீ இங்க வந்துடு, இங்கயே கூட்டத்தப் போடலாம்!"

டைம்கீப்பர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பதினொன்றுக்கு எழுந்தார். அறைச் சாவியையும் குழுவின் முத்திரையையும் மேசையில் வைத்தார். விசிலையும் வைத்தார்.

"சார், இன்னொரு நாள் கூடிக்கலாம். அதுவரைக்கும் நீங்க இருங்க."

"அதுவரைக்கும்னா எவ்ளோ?"

என்னிடம் எண் இல்லை. அவர் படியிறங்கிப் போனார். லாட்ஜ்காரர் எழுந்து வழிவிட்டு நின்றார், பிறகு என்னைப் பார்த்து, "நான் உள்ள வரலாமா, வேணாமா?" என்று கேட்டார்.

மறுநாள் கணக்குப் போட்டபோதுதான் முழுதாகப் புரிந்தது. பன்னிரண்டில் ஐந்து போனால் ஏழு. ஆள் எடுக்க எட்டு வேண்டும். அந்த எட்டு என்ற விதியை மாற்றவும் எட்டு வேண்டும். ஒரு ஆள் குறைவு. அவர் அடித்த அந்த ஒரு வரி இருந்திருந்தால் எதுவும் நின்றிருக்காது. விதிகளின் நகல் பேரூராட்சியிலும் கோட்டை அலுவலகத்திலும் இருந்தது. பந்தலுக்கு அனுமதி கேட்டுக் கோட்டை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் மரியாதையாகவே பேசினார். செயலாளர் கையெழுத்து வேண்டும், செயலாளரைக் குழு தேர்ந்தெடுத்த தீர்மானம் வேண்டும் என்றார். "நாங்க கேக்கலைங்க. நீங்க எழுதிக் குடுத்ததுலதான் அப்படி இருக்குது," என்று என் பத்தியையே என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

ஏழு பேரும் டைம்கீப்பர் வீட்டுக்குப் போனோம். இறங்கிய ஆட்டோ அண்ணனும் கூடவே வந்தார். ஒரே ஒரு மணி நேரம் எட்டாவது ஆளாக உட்கார்ந்தால் போதும், பந்தலுக்காக என்றோம்.

"காலம் முடிஞ்சவன் உக்காந்தா அது கூட்டமா? எறங்கினவன் திரும்ப ஏறி சீட்டு கேக்கக் கூடாது."

"நான் வேணா உக்காரட்டுமா?" என்றார் ஆட்டோ அண்ணன். பிறகு அவரே, "நீங்க வராம நான் மட்டும் உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்று தலையைச் சொறிந்தார். மற்ற மூன்று பேரையும் கேட்டோம். டைம்கீப்பரே வராதபோது எங்களை ஏன் இழுக்கிறீர்கள் என்றார்கள்.

"வெயில் ஏறுது சார். பந்தல் இல்லன்னா?" என்றேன்.

அவர் முகம் மாறியது. கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவருக்கு வலிக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது பழைய சொல்தான். "அடுத்த வண்டி வரும்மா. யாராச்சும் வருவாங்க."

யாரும் வரவில்லை. வர விரும்பியவர்களை எடுக்க எங்களால் முடியவில்லை. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரப்பிள்ளைகளோடு ஏறிய ஒரு அம்மா, பந்தல் இருக்க வேண்டிய இடத்தில் மயங்கி விழுந்தார். கீழே இறங்கிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் பாட்டிலில் மிச்சமிருந்ததை முகத்தில் தெளித்து, சேலையைத் தூளிபோலக் கட்டித் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். செய்தி ஊரெல்லாம் பரவியது. டைம்கீப்பர் காதுக்கும் போயிருக்கும். அன்று மாலை அவர் தன் வீட்டிலிருந்து இரண்டு கேன் தண்ணீரை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு கோட்டை வாசல்வரை போனதாகவும், காவலாளி அனுமதிக் கடிதம் கேட்டதும் திரும்பிவிட்டதாகவும் ஆட்டோ அண்ணன் சொன்னார். காவலாளியைக் குறை சொல்ல முடியாது. கடிதம் இல்லாமல் யாரையும் விடாதீர்கள் என்று அவரிடம் முன்பு சொல்லி வைத்ததே இவர்தான்.

அடுத்த வாரம் டைம்கீப்பர் மனைவிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். ஓசூரில் மகள் வீட்டில் இருந்து செய்வதாக ஏற்பாடு. அங்கேயே தங்கிவிடப் போகிறார்கள் என்றும் பேச்சு. லாட்ஜ்காரர் ஒரு வழி சொன்னார். அமாவாசைக்கு முந்தின நாள் தேதி போட்டு, எட்டு என்பதை ஆறு என்று மாற்றியதாக ஒரு தீர்மானம். அந்தத் தேதியில் டைம்கீப்பர் உறுப்பினர்தான். "ஒரே ஒரு கையெழுத்தும்மா. யாருக்கு நஷ்டம்?" என்றார். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம், நானும் போட்டேன். எட்டாவது இடத்தைக் காலியாக விட்டு எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன்.

புதுச்சேரியிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் போகும் வண்டி நின்றிருந்தது. ஜன்னலோரம் அவர் மனைவி, அவரை ஒட்டி இவர். தாளை ஜன்னல் வழியாக நீட்டினேன். மலையில் மயங்கி விழுந்த அம்மாவைப் பற்றி ஒரு வரிதான் சொன்னேன். "தெரியும்," என்றார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். தேதியில் விரல் நின்றது. அவர் மனைவி என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் பையைத் துழாவிப் பேனாவை எடுத்து அவர் மடியில் வைத்தார். டைம்கீப்பர் அதைக் கையில் எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

ஓட்டுநர் எஞ்சினைக் கிளப்பினார். நடத்துனர் படியில் நின்று குரல் கொடுத்தார்.

"இருண்ணே, கொஞ்ச நேரம். நம்ம டைம்கீப்பர் ஐயா ஏதோ எழுதறாரு."

அவர் தலையைத் தூக்கினார். வண்டி தனக்காக நிற்கிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தார்.

"யோவ், எனுக்காக ஏன்யா நிறுத்தின? டைம் ஆச்சு இல்ல?"

"பரவால்லங்கய்யா, ஒரு கையெழுத்துதான..."

"எடுய்யா வண்டிய!"

தாளை என் கையில் திணித்தார். பேனா மூடி கீழே விழுந்தது. அவர் மனைவி "இருய்யா, புள்ள நிக்குது" என்று அவர் தோளைப் பிடித்தார். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் முன்பக்கம் பார்த்து, "ரைட்!" என்று கத்தினார். வண்டி கிளம்பியது.

கையெழுத்துப் போட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. மூடியைக் கழற்றினார், அதுவரைக்கும் தெரியும்.

இப்போதைய நிலை: குழுவின் பன்னிரண்டு இடங்களில் ஏழில் ஆள் இருக்கிறது, ஐந்து காலி. அடுத்த மாசி அமாவாசையில் இன்னும் மூன்று பேருடைய காலம் முடிகிறது. அதில் நானும் ஒருத்தி. பந்தலின் மூங்கில்களும் பானைகளும் குழு அறையில் இருக்கின்றன, விசில் மேசைமேல் இருக்கிறது. ராஜகிரி வழியில் தண்ணீர் இல்லை. எட்டாவது ஆள் ஓசூரில் இருக்கிறார்.